கேட்போரும் களனும்: ஜியான்னி ரொடாரியின் பள்ளிப் பயணங்களும் நூலாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுவர் எழுத்தாளர் பள்ளிகளுக்குச் செல்வது, நூல் வெளிவந்த பின்னர் நிகழும் செயலாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. இத்தாலிய எழுத்தாளர் ஜியான்னி ரொடாரியிடம் (1920-1980) இவ்வரிசை மாறுகிறது. 1962 முதல் 1973 வரை வெளிவந்த அவருடைய நான்கு நூல்களைத் தமிழ்ப் பாயிர மரபின் ‘கேட்போர்’, ‘களன்’ ஆகிய கருத்துகளின் துணைகொண்டு அணுகும் இக்கட்டுரை, வகுப்பறை அவருடைய கதை வடிவத்தை மாற்றிய விதத்தையும் அம்மாற்றத்தில் பள்ளியாசிரியருக்கு உள்ள பங்கையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறுவர் இலக்கியம், ரொடாரி, பாயிரம், கேட்போர், வகுப்பறை, கூட்டு ஆக்கம்.

முன்னுரை

நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளை வகுக்கிறது. ஆக்கியோன் பெயரில் தொடங்கும் அவ்வரிசையில் ‘கேட்போர்’ ஏழாவதாக நிற்கிறது. காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் இவற்றோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்கிறது அடுத்த நூற்பா. ஒரு நூலை அறிமுகம் செய்யும்போது அதை யார் கேட்டனர், எந்த அவையில் அது அரங்கேறியது என்பவற்றையும் சொல்லவேண்டும் என்பது இம்மரபின் துணிபு. அச்சு நூற்பண்பாட்டில் இவ்விரு செய்திகளும் ஏறத்தாழ மறைந்துவிட்டன. தலைப்புப் பக்கத்தில் ஆக்கியோன் பெயர் இருக்கிறது, பதிப்பகத்தின் பெயர் இருக்கிறது, கேட்போருக்கு இடமில்லை.

சிறுவர் இலக்கிய ஆய்வில் இவ்விடைவெளி பெரிதாகத் தெரிகிறது. ஏனெனில், பிற இலக்கிய வகைகளைக் காட்டிலும் சிறுவர் இலக்கியத்தில்தான் எழுதுபவரும் கேட்பவரும் வயதால், அறிவால், அதிகாரத்தால் விலகி நிற்கின்றனர். எனினும் நம் ஆய்வுகளில் பல, நூலில் உள்ள அறக்கருத்துகளையும் இயற்கைச் செய்திகளையும் பட்டியலிட்டு நின்றுவிடுகின்றன. எழுத்தாளர் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளைச் சந்தித்த செய்தி வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக இடம்பெறும். அப்பயணம் நூலை என்ன செய்தது என்று கேட்பதில்லை.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு ரொடாரி. அவர் இத்தாலிப் பள்ளிகள் பலவற்றுக்குப் பயணம் செய்தவர். பயணத்தின் விளைவைத் தம் நூல்களிலேயே பதிந்தவர். அவருடைய படைப்புகளைப் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே இக்கட்டுரை அணுகுகிறது. ஓசைநயம் மொழிபெயர்ப்பில் தங்குவதில்லை. ஆதலால் அவருடைய பாடல்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. நூல் தலைப்புகள் தமிழாக்கித் தரப்பட்டுள்ளன.

மகள் பேசாத தொலைபேசி

ரொடாரி வட இத்தாலியின் ஒர்த்தா ஏரிக்கரையில் உள்ள ஒமேஞ்ஞா ஊரில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றினார். போருக்குப் பின் பொதுவுடைமைக் கட்சியின் இதழாளரானார். 1937-38ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்த யூதக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு இத்தாலியம் கற்பித்தபோது நோவாலிஸின் சிந்தனைத் துணுக்குகளைப் படித்தார். தர்க்கத்துக்கு ஓர் இயல் இருப்பதுபோலக் கற்பனைக்கும் ஓர் இயல் இருக்குமாயின் புனைதல் என்னும் கலை கைகூடும் என்ற கருத்தை அங்கே கண்டார். அக்கருத்து அவரை விட்டு நீங்கவில்லை.

1962இல் வெளிவந்த ‘தொலைபேசிக் கதைகள்’ அவருக்குப் பெரும்புகழ் தந்த நூல். அதன் சட்டகம் எளியது. வரேசே நகரத்தவரான பியாங்கி என்பவர் மருந்து விற்பனைக்காக வாரத்தில் ஆறு நாள் இத்தாலி முழுவதும் அலைகிறார். அவருடைய மகள் கதை கேளாமல் உறங்கமாட்டாள். எனவே எந்த ஊரில் இருந்தாலும் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்து ஒரு கதை சொல்கிறார். கட்டணத்தைத் தாமே செலுத்தவேண்டியிருப்பதால் கதைகள் சிறியவை. வணிகம் நன்றாக நடந்த நாளில் சற்று நீளும். அவர் பேசத் தொடங்கியதும் தொலைபேசி நிலையப் பெண்கள் மற்ற இணைப்புகளை நிறுத்திவிட்டுக் கதை கேட்பார்கள்.

கதையின் அளவைச் செலவு வரையறுக்கும் இந்த உத்தியைத் திறனாய்வாளர் பலரும் பாராட்டியிருப்பர், பாராட்டத் தக்கதே. ஆனால் பாயிர நோக்கில் இச்சட்டகத்தைப் பார்த்தால் வேறொன்று தென்படுகிறது. பயணம் செய்பவர் பேசுகிறார். வீட்டில் இருப்பவள் கேட்கிறாள். கதைகள் தொடங்கியபின் மகளின் குரல் நூலில் ஒலிப்பதில்லை. இந்தக் கதை பிடிக்கவில்லை என்றோ, அப்புறம் என்ன ஆயிற்று என்றோ அவள் கேட்கும் இடமில்லை. கேட்போர் உண்டு, கேட்போரின் சொல் இல்லை.

இந்நூலில் ‘ஐஸ்கிரீம் மாளிகை’ என்னும் சிறுகதை ஒன்று உண்டு. போலோஞ்ஞா நகரின் பெருஞ்சதுக்கத்தில் ஐஸ்கிரீமால் ஒரு மாளிகை கட்டுகிறார்கள். குழந்தைகள் தொலைவிலிருந்தும் வந்து நக்கிச் சுவைக்கிறார்கள். ஜன்னல் ஒன்று உருகுவதைக் காவலர் கவனிக்கிறார். வீணாகும் முன் எல்லோரும் விரைந்து உண்டு தீர்க்கிறார்கள். ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. அச்சில் ஓரிரு பக்கம். போலோஞ்ஞா என்ற பெயர் இருக்கிறதே தவிர, அவ்வூரில் வாழ்பவர் எவரும் கதையில் இல்லை. இக்கதைப் பொருள் நான்கே ஆண்டுகளில் ஒரு நாவலாக வளர்ந்தது. இடையில் நிகழ்ந்தது ஒரு பள்ளி.

த்ருல்லோ

த்ருல்லோ, பாசிச ஆட்சிக் காலத்தில் ரோம் நகரின் புறத்தே கட்டப்பட்ட உழைப்பாளர் குடியிருப்பு. அங்கிருந்த தொடக்கப் பள்ளியில் மரியா லூயிசா பிஜியாரெத்தி ஆசிரியையாக இருந்தார். அவர் கூட்டுறவுக் கல்வி இயக்கத்தைச் சார்ந்தவர். பிரெஞ்சுக் கல்வியாளர் செலஸ்தான் ஃப்ரெனேயின் வழியில் 1951இல் தோன்றிய அவ்வியக்கம், வகுப்பறையில் அச்சுக்கருவியை வைத்து, மாணவர் தாமே எழுதியவற்றை அச்சிட்டுப் படிக்கச் செய்தது. அதாவது ரொடாரி அந்த வகுப்புக்குள் நுழைந்தபோது, எழுத்து என்பது பெரியவர் தருவது என்னும் எண்ணம் அங்கு முன்னரே தளர்ந்திருந்தது. இவ்வுண்மையைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

அம்மாணவர்களோடு உரையாடி உருவான கதையே ‘வானத்தில் ஒரு கேக்’. 1964இல் சிறுவர் வார இதழில் தொடராகவும் 1966இல் நூலாகவும் வந்தது. ஓர் ஏப்ரல் காலையில் த்ருல்லோவின் மேல் மிகப் பெரிய வட்டப் பொருளொன்று தோன்றுகிறது. வேற்றுக்கோளத்தார் வந்துவிட்டனர் என்று காவல்துறையும் படையும் திரள்கின்றன. போக்குவரத்துக் காவலர் மெலெத்தியின் பிள்ளைகளான பாவ்லோவும் ரீத்தாவும், அது சாக்லேட்டால் ஆன கேக் என்று கண்டுகொள்கிறார்கள். அணுகுண்டு ஆய்வில் நேர்ந்த ஒரு பிழையால் வெடிப்பின் புகைக்குடை கேக்காக மாறிவிட்டது என்பது பின்னர் வெளிப்படுகிறது. இறுதியில் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக வந்து அதை உண்கிறார்கள்.

‘ஐஸ்கிரீம் மாளிகை’யோடு இதனை ஒப்பிட்டால் வகுப்பறையின் தடம் புலப்படும். உண்ணத்தக்க பெரும்பொருள், அதை உண்டு தீர்க்கும் குழந்தைகள், ஒரு காவலர் ஆகிய மூன்றும் இரண்டிலும் உள்ளன. ஆனால் மாளிகைக் கதையில் பெயரின்றி நின்ற காவலர், நாவலில் ஒரு குடும்பத்தின் தந்தையாகிறார். தம் பிள்ளைகள் சொல்வதை நம்புவதா, மேலதிகாரி சொல்வதை நம்புவதா என்னும் இக்கட்டு அவருக்கு நேர்கிறது. இடமும் மாறுகிறது. சுற்றுலாப் பயணியும் அறிந்த போலோஞ்ஞா சதுக்கத்துக்குப் பதிலாக, அப்பகுதியினர் மட்டும் அறிந்த மோந்தே குக்கோ என்னும் மேடு கதைக்களமாகிறது. அந்த மேடு, முதற் கேட்போராகிய த்ருல்லோ மாணவர்களின் சொந்த ஊரைச் சேர்ந்தது. கதை நிகழும் களனும் கதை கேட்கப்பட்ட களனும் ஒன்றாகிவிடுகின்றன.

இன்னொரு மாற்றமும் உண்டு. அது இதைவிட ஆழமானது என்பது என் கருத்து. மாளிகைக் கதையில் பெரியவர்க்கும் சிறியவர்க்கும் பகை இல்லை. நாவலில் அறிவு இரண்டாகப் பிளக்கிறது. அதிகாரிகளும் அறிவியலாரும் தொலைவில் நின்று கருவிகளால் அப்பொருளை அளக்கிறார்கள். குழந்தைகள் கிட்டச் சென்று நாவால் சுவைத்து அறிகிறார்கள். அணு அச்சம் உலகைப் பற்றியிருந்த ஆண்டுகள் அவை. 1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி நிகழ்ந்தது. வானத்தில் ஒன்று தோன்றினால் பெரியவர் என்ன செய்வர் என்பதை அன்றைய குழந்தைகள் நன்கு அறிந்திருந்தனர். ஐஸ்கிரீமில் இல்லாத இவ்வச்சம் கேக்கில் வந்து சேர்ந்ததற்குக் காலம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட இயலாது. ‘தொலைபேசிக் கதைகள்’ நூலிலேயே போர் எதிர்ப்புக் கதைகள் உள்ளன. ஆனால் அங்கே போர், சொல் விளையாட்டால் கரைந்துவிடுகிறது. பீரங்கி என்ற சொல்லின் முன் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அது போரை அழிக்கும் கருவியாகிவிடும். அக்கதைக்குத் தெரு தேவையில்லை. நாவலிலோ போரைத் தடுப்பவர்கள், பேருந்துக்காகக் காத்து நிற்கும் மக்கள் வாழும் தெருவின் பிள்ளைகள்.

தம் கதை பிஜியாரெத்தியின் மாணவர்களிடையே பிறந்தது என்பதை ரொடாரி நூலிலேயே குறித்தார். அது பாராட்டுக்குரிய நேர்மை. எனினும் அட்டையில் இருப்பது ஒரு பெயர்தான். கேட்போர் பாயிரத்துக்கு வந்துவிட்டனர். ஆக்கியோன் வரிசைக்கு வரவில்லை.

மூன்று முடிவுகள்

1971இல் வந்த ‘விளையாடப் பல கதைகள்’ வானொலி நிகழ்ச்சியிலிருந்து உருவானது. இருபது கதைகள்; ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிவுகள். கேட்போரே தேர்ந்துகொள்ளலாம். பியாங்கியின் மகளுக்கு இறுதியில் ஒரு வாக்கு கிடைத்துவிட்டது எனலாம். ஆனால் நூலின் கடைசியில் எழுத்தாளர் தமக்குப் பிடித்த முடிவு எது, ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறார். வினாத்தாளின் பின்னால் விடைக்குறிப்பு இருப்பதை நினைவூட்டும் இப்பகுதி, நூலின் பிற பகுதிகளோடு ஒட்டவில்லை. மூன்று முடிவுகளையும் எழுதியவர் அவரே என்பதும் மறக்கத்தக்கதன்று. தெரிவு கேட்போருக்கு, ஆக்கம் இன்னும் அவருக்கே.

ரெஜ்ஜோ எமிலியா

1972 மார்ச் 6 முதல் 10 வரை ரெஜ்ஜோ எமிலியா நகராட்சியின் அழைப்பின்பேரில் ரொடாரி அங்குச் சென்றார். மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் ஏறத்தாழ ஐம்பதுபேரோடு ஐந்து நாள் உரையாடினார். இளமையில் தாம் நோவாலிஸிடமிருந்து குறித்துக்கொண்ட ‘கற்பனையியல்’ என்னும் சொல் நகரின் சுவர்களில் சுவரொட்டியாக ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டு அவர் மகிழ்ந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘கற்பனையின் இலக்கணம்’ அந்நகருக்கே காணிக்கையாக்கப்பட்டது. குறுகிய 45 இயல்களைக் கொண்ட நூல் அது. விதி வகுப்பதைவிட வழக்கைத் தொகுப்பதே அதன் இயல்பு. ‘இலக்கணம்’ என்ற சொல்லின் கனத்துக்கு அஞ்சித் தமிழ் வாசகர் ஒதுங்கவேண்டியதில்லை.

இந்நூலில் பெரிதும் பேசப்படுவது இருசொல் முறை. ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு சொற்களை அருகருகே வைத்தால் அவற்றை இணைக்கக் கதை பிறக்கும். நாயும் குதிரையும் பயன்படா. இரண்டும் விலங்குகள், மனம் எளிதில் கடந்துவிடும். நாயும் அலமாரியும் ஆனால் மனம் உழைத்தாகவேண்டும். ரொடாரி இதனை வகுப்பில் செய்த முறை நோக்கத்தக்கது. ஒரு குழந்தை கரும்பலகையின் ஒரு பக்கத்தில் ஒரு சொல்லை எழுதும். மற்றொரு குழந்தை அதைக் காணாமல் பலகையின் பின்பக்கத்தில் வேறொரு சொல்லை எழுதும். பலகையைத் திருப்பும்போது எழும் எதிர்பார்ப்பே கதையின் தொடக்கம். இன்று பல நாட்டுப் படைப்பெழுத்துப் பயிற்சிகளில் இம்முறை இடம்பெறுகிறது. ஆனால் இரு சொற்களும் பயிற்சித்தாளில் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். அச்சிட்ட உடனே தற்செயல் போய்விடுகிறது. அதனோடு, சொல்லைத் தந்தது வகுப்பின் ஒரு குழந்தை என்னும் உரிமையும் போய்விடுகிறது. ரொடாரியைப் பின்பற்றுவதாகச் சொல்லும் பயிற்சிகள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பலகையில் எழுதப்பட்ட சொற்களை. விட்டுவிட்டது பலகையின் பின்பக்கத்தை.

இந்நூலின் மிகச் செறிந்த இயல் ‘விளக்கும் காலணியும்’. ரெஜ்ஜோவின் தியானா மழலையர் பள்ளியில் ஆசிரியை ஜூலியா நோத்தாரி இவ்விரு சொற்களைக் குழந்தைகளிடம் வைத்தார். ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று, தோழர் மூவரின் குறுக்கீடுகளோடு ஒரு கதையைச் சொன்னது. எப்போதும் அப்பாவின் காலணிகளையே அணியும் ஒரு சிறுவன். சலித்துப்போன அப்பா ஒருநாள் அவனை விளக்கில் மாட்டிவிடுகிறார். நள்ளிரவில் அவன் கீழே விழுகிறான்; அப்பா திருடனென்று எண்ணி வந்து பார்த்தால், பையன் விளக்காக ஒளிர்கிறான். தலையைத் திருகிப் பார்க்கிறார், காதை இழுத்துப் பார்க்கிறார்; அணையவில்லை. காலணிகளைக் கழற்றியதும் அணைந்துவிடுகிறான்.

இக்கதையை ரொடாரி ஆராயும் முறை, வளர்ந்தோர் எழுதிய செவ்வியல் சிறுகதையை ஒரு திறனாய்வாளர் ஆராயும் முறையிலிருந்து சிறிதும் குறையவில்லை. குற்றத்துக்குக் காரணமான காலணியே விடுதலைக்கும் காரணமாவதையும், கதை தொடங்கிய பொருளிலேயே முடிவதையும் எடுத்துக்காட்டுகிறார். தந்தைமீது பிள்ளை கொண்ட மறைவான போட்டியையும் அதில் படிக்கிறார். குழந்தையின் சொல்லை ‘மழலை’ என்று கொஞ்சி ஒதுக்காமல் நூலாக மதித்து உரை எழுதுகிறார். எழுத்தாளர் இங்கே உரையாசிரியராகிறார், கேட்போர் ஆக்கியோராகின்றனர். 1962இல் தொலைபேசியின் மறுமுனையில் பேசாதிருந்த குழந்தை இந்நூலில் பேசுகிறது.

ஆயினும் ஒரு குறை நிற்கிறது. ஆசிரியையின் பெயர் நூலில் உண்டு. பள்ளியின் பெயர் உண்டு. கதை சொன்ன குழந்தைக்கு வயது மட்டுமே உண்டு. குழந்தைகளின் பெயரை மறைப்பது இன்று நாம் வேண்டும் பாதுகாப்பு நெறி என்று சொல்லலாம். 1973இல் அந்நெறி காரணமாக இருந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. குழந்தையின் சொல்லை நூலாக மதித்தவர், அதைச் சொன்னவரைத் தனி ஆக்கியோனாகக் காட்டவில்லை. ஒரு வயதின் சான்றாகக் காட்டினார்.

பயணம் செய்தவரும் ஊரில் இருந்தவரும்

இதே காலத்தில் கூட்டுறவுக் கல்வி இயக்கத்தைச் சேர்ந்த இன்னொருவர், பயணம் செய்யாமலேயே இதைச் செய்துகொண்டிருந்தார். லொம்பார்தியாவின் பியாதேனாவை ஒட்டிய வோ என்னும் சிற்றூரில் மாரியோ லோதி தொடக்கப் பள்ளி ஆசிரியர். மாணவர்கள் வகுப்பறை ஜன்னல் வழியே கூரைமேல் கண்ட குருவிகளைப் பற்றிப் பேசியதிலிருந்து ‘சிப்பி’ என்னும் கதை (1961) உருவானது. ஐனாவுதி பதிப்பில் ஆக்கியோன் இடத்தில் அவர் பெயரோடு ‘அவருடைய மாணவர்கள்’ என்றும் அச்சிடப்பட்டது. ரொடாரிக்கு வாராத கூட்டுப்பெயர் லோதிக்கு எளிதில் வந்ததற்குக் காரணம், அவர் நாள்தோறும் அதே மாணவர்களோடு இருந்தமையே. விருந்தினர் அவ்வாறு உரிமை கொள்வது கடினம்.

இவ்வொப்பீட்டால் ரொடாரியின் பயணம் சிறுமைப்படவில்லை. ஆனால் அப்பயணம் எதனால் பயன் விளைத்தது என்பது தெளிவாகிறது. அவர் சென்ற இரு களன்களும் வெறுங்களன்கள் அல்ல. த்ருல்லோவில் பிஜியாரெத்தி இருந்தார். ரெஜ்ஜோவில் லோரிஸ் மலகுத்ஸியின் வழிகாட்டலில் 1963 முதல் நகராட்சி மழலையர் பள்ளிகள் இயங்கி வந்தன. குழந்தையின் சொல்லைக் கேட்டு எழுதிவைக்கும் பழக்கம் அப்பள்ளிகளில் ஊறியிருந்தது. ‘விளக்கும் காலணியும்’ கதையை ஒருவர் சொல்ல, மூவர் குறுக்கிட, அவ்வளவையும் சிதையாமல் ஏட்டில் பதிய ஒரு கை வேண்டும். அந்தக் கை பள்ளியாசிரியருடையது. நூலை இயற்றியவரையும் பள்ளியில் கற்பிப்பவரையும் தமிழ் ‘ஆசிரியர்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பது இங்கு வெறும் தற்செயலாகத் தோன்றவில்லை.

பள்ளிகளில் எழுத்தாளர் சந்திப்புகள் இன்று நம்மிடையேயும் பெருகிவருகின்றன. பொன்னாடை, சிறப்புரை, கையொப்பம் என்று ஒரு மணிநேரத்தில் முடிந்துவிடும் சந்திப்புக்கும் த்ருல்லோவுக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தாளரின் ஆற்றலில் தேடினால் விடை கிடைக்காது. அவர் வருவதற்கு முந்தைய நாள் அந்த வகுப்பில் யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று பார்க்கவேண்டும். பிள்ளைகளின் சொற்களை எழுதிவைக்கும் வழக்கமுள்ள ஓர் ஆசிரியை இருக்கும் பள்ளிக்கு எழுத்தாளர் சென்றால் அவரும் எதையேனும் பெற்றுக்கொண்டு திரும்புவார்.

1979இல் ரொடாரி சோவியத் நாட்டுக்குச் சென்று அங்குள்ள பள்ளிகளையும் சிறுவர் மன்றங்களையும் பார்த்துக் குறிப்பெழுதினார். 1980 ஏப்ரல் 14 அன்று ரோமில் காலமானார். அக்குறிப்புகள் 1984இல் நூலாக வெளிவந்தன. அவை கதையாக உருப்பெறவில்லை. களனும் கேட்போரும் மட்டும் பதிவான நிலையிலேயே நின்றுவிட்டன. முடிந்த நூலில் மறைந்துவிடும் பகுதிகள் முடியாத நூலில் தெரிகின்றன என்பதால், ரொடாரி ஆய்வில் இக்குறிப்புகளுக்கு இப்போதுள்ளதைவிடப் பெரிய இடம் தரப்படவேண்டும். அதைப் போலவே, ‘வானத்தில் ஒரு கேக்’ நாவலின் 1964ஆம் ஆண்டுத் தொடர் வடிவத்தை 1966ஆம் ஆண்டு நூலோடு வரிக்கு வரி ஒப்பிடவேண்டும். த்ருல்லோ மாணவர்கள் எந்தப் பகுதியில் எதை மாற்றினர் என்னும் வினாவை அவ்வொப்பீட்டிலிருந்தே தொடங்க இயலும்.